மைனஸ் ஓட்டுக்கு என்ன விலை?

கணினி நிரல் எழுதிப் பிழைக்கிற எவரும் ஏதாவதொரு நடுராத்திரியில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் போய் விழுந்திருப்பார்கள். நாம் முட்டி மோதிக்கொண்டிருக்கும் அதே பிழையில் ஏற்கெனவே எவரோ முட்டி, எவரோ பதிலும் சொல்லியிருப்பார். அந்தப் பதில் தப்பு என்று பட்டால் மைனஸ் ஓட்டுப் போடலாம். போட்டால் பதில் எழுதியவருக்கு இரண்டு புள்ளி குறையும். போட்டவருக்கும் ஒரு புள்ளி போய்விடும் என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுக்காது.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டுக் கொதித்தான். "என்னண்ணா இது, தப்பைத் தப்புன்னு சொல்றதுக்கு ஃபைனா?"

ஆமாம், ஃபைன்தான். அது மட்டுமில்லை. அங்கே பிளஸ் ஓட்டுப் போடவே 15 புள்ளி சம்பாதித்திருக்க வேண்டும், மைனஸ் போட 125 வேண்டும் என்பதுதான் நெடுநாள் விதி. ஒரு நாளைக்கு 30 ஓட்டு. கேள்விகளுக்கென்று கூடுதலாக ஒரு 10. முடிந்ததா, நாளைக்கு வா. ஒரே ஆளின் பதில்களைத் தேடித் தேடி வரிசையாகக் குத்தினால் ஒரு தானியங்கி நிரல் அந்த ஓட்டுகளையெல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி எடுத்துவிடும். 2008-ல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் இந்தத் தளத்தைத் தொடங்கியபோதே ஒன்றில் தெளிவாக இருந்தார்கள்: ஓட்டு எல்லோருக்கும் பிறப்புரிமை இல்லை, சம்பாதிக்கிற பொருள்.

இப்படி அளந்து கொடுப்பது சரியா என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு வேண்டும். ஆனால் 'ஒரு நாளைக்கு இத்தனை' என்கிற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே சோம்பேறித்தனமானது. யார், எப்போது, எந்த இடத்தில் ஓட்டுப் போடலாம் என்பதைக் கவனிக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது.

பிளஸ் ஓட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். பாராட்டுக்கு எதற்குக் கட்டுப்பாடு, நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் தமிழ் வலைப்பதிவுகளின் அந்தக் காலத்தைப் பார்த்திராதவர்கள். 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியைத் தொடங்கினார். பிறகு வந்த ஓட்டுப்பட்டையைத் தங்கள் தளத்தில் ஒட்டிவைக்காத பதிவர்கள் குறைவு. சில ஓட்டுகள் சேர்ந்தாலே வாசகர் பரிந்துரையில் இடம். அங்கே வந்தால் கூட்டம் வரும். விளைவு என்ன? பின்னூட்டப் பெட்டியில் 'த.ம.3' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். பதிவில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மூன்றாவது ஓட்டு என்னுடையது, கணக்கில் வைத்துக்கொள் என்பதுதான் சேதி.

அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயரே 'மொய்'. நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதுகிறேன். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பீரோவில் பத்திரப்படுத்தி, அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது புரட்டிப் பார்க்கிற அதே ஒழுங்கோடு பதிவர்கள் ஒருவருக்கொருவர் திருப்பிச் செய்துகொண்டிருந்தார்கள். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன்தான். நட்பு வளர்ந்தது, சண்டை வளர்ந்தது, எல்லாம் சரி. எது நல்ல பதிவு என்பதை மட்டும் அந்த ஓட்டுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது அங்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தே ஓட்டு என்று விதி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொய் நின்றிருக்குமா? நிற்காது. ஐந்தும் மொய்க்கே போயிருக்கும். வேண்டியவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்ததால்தான் முன்பின் தெரியாத புதுப் பையனுக்கும் போகிறபோக்கில் ஒன்று விழுந்தது. அந்த மிச்சத்தையும் பிடுங்கிவிட்டால் அவன் கதி? எண்ணிக்கைக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, முதல் ஓட்டின் கதை. 2013-ல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் மூவரும் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செய்திகளுக்கு வாசகர்கள் கருத்து எழுதி, ஒருவருக்கொருவர் ஓட்டும் போட்டுக்கொள்ளும் ஒரு தளம். ஐந்து மாதம், ஒரு லட்சத்துச் சொச்சம் கருத்துகள். அவற்றில் எந்தத் தராதரமும் பார்க்காமல் சிலவற்றுக்கு, எழுதி முடித்த உடனே, ஒரு போலி பிளஸ் ஓட்டுப் போட்டார்கள். சிலவற்றுக்கு ஒரு போலி மைனஸ். மற்றதைத் தொடவே இல்லை. போலி பிளஸ் வாங்கிய கருத்தை அடுத்து வந்து படித்தவர் பிளஸ் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசிக் கணக்கில் அந்தக் கருத்துகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் அதிகம். எழுத்து அதே எழுத்துதான். போலி மைனஸை மட்டும் பின்னால் வந்தவர்கள் பாவம் என்று பிளஸ் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள்.

நமக்கு மைனஸ் ஓட்டின் மேல்தான் பயம். இந்த ஆய்வைப் பார்த்தால் ஊதிப் பெருகுவது பிளஸ்தான். நண்பர்கள் மூன்று பேர் முதல் நிமிடத்திலேயே வந்து மொய் வைத்துவிட்டால் மீதி ஊரே பின்னால் வரும்.

சரி, இதையெல்லாம் எவராவது யோசித்துச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். அதுவும் லைக் பொத்தான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே. ஸ்லாஷ்டாட் என்றொரு தளம். இன்றைக்கு அதை நினைவு வைத்திருப்பவர்களின் தலையில் நரை இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ராப் மால்டா என்ற கல்லூரி மாணவர் 1997-ல் தொடங்கியது. கணினிக்காரர்களுக்கான செய்திகள், ஒவ்வொரு செய்திக்கும் கீழே நூற்றுக்கணக்கில் விவாதம். தொடக்கத்தில் குப்பைகளை மால்டாவே பெருக்கினார். முடியவில்லை. நம்பிக்கையான 25 பேரை அமர்த்தினார். அதுவும் போதவில்லை. 400 பேர். நானூறு பேருக்கு நிரந்தர அதிகாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? அதன் பிறகுதான் அந்த அருமையான ஏற்பாட்டுக்கு வந்தார்.

தளத்துக்கு ஒழுங்காக வந்து போகிற பழைய உறுப்பினர்களில் சிலரை மென்பொருளே அவ்வப்போது பொறுக்கி எடுக்கும். ஆளுக்கு ஐந்து புள்ளி கொடுக்கும். மூன்று நாளைக்குள் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் காலாவதி. மறுபடி எப்போது கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாது. இதில் மொய் எப்படி வைப்பது? என் நண்பன் எழுதும் நாளில் என் கையில் புள்ளி இருக்காது. புள்ளி இருக்கும் நாளில் அவன் எழுதியிருக்க மாட்டான். ஐந்துதான் என்பதால், எதற்குக் கொடுக்கலாம் என்று தேடிப் படிக்க வேண்டியிருக்கும். கையில் புள்ளி இருந்த நாட்களில் வழக்கமாகத் தாண்டிப் போகிற விவாதங்களைக்கூட உட்கார்ந்து படித்திருக்கிறேன். அது ஒரு பொறுப்பாகவே தோன்றும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த விதி. ஒரு விவாதத்தில் நீங்கள் பேசினால், அந்த விவாதத்தில் ஓட்டுப் போட முடியாது. ஏற்கெனவே போட்டிருந்து அப்புறம் வாயைத் திறந்தால், போட்டதெல்லாம் ரத்து. வாதியாக நிற்கிறாயா, நீதிபதியாக உட்காருகிறாயா, ஒன்றைத் தேர்ந்தெடு. இன்றைக்கு ஃபேஸ்புக்கில் நடக்கும் சண்டைகளை யோசித்துப் பாருங்கள். எதிராளியைத் திட்டி எழுதிவிட்டு, அந்தக் கையோடு அவனை மறுத்தவர்களுக்கெல்லாம் லைக் போட்டுக்கொண்டே கீழே வருகிறோம். நடுவரும் நாமே, ஆட்டக்காரரும் நாமே.

மதிப்பெண்ணுக்கும் அங்கே எல்லை உண்டு. கீழே மைனஸ் 1, மேலே 5, அவ்வளவுதான். ஆயிரம் பேருக்குப் பிடித்தாலும் ஐந்துக்கு மேல் ஏறாது. ஆயிரம் பேர் வெறுத்தாலும் மைனஸ் ஒன்றுக்குக் கீழே போகாது. ஒருவனை ஊரே கூடி மிதிப்பது என்பது அந்தக் கணக்கில் சாத்தியமே இல்லை. சும்மா பிளஸ், மைனஸ் என்று குத்திவிட்டுப் போகவும் முடியாது. காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். தகவல் உள்ளது, ஆழமானது, வேடிக்கையானது, சம்பந்தமில்லாதது, வம்புக்கு இழுப்பது என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் 'எனக்கு உடன்பாடு இல்லை' என்ற காரணம் கிடையாது. அது மறந்துபோய் விட்டது இல்லை.

உறுப்பினர்களின் மொத்தப் புள்ளியை 'கர்மா' என்றார்கள். கர்மாவை எண்ணாகக் காட்டியவரை அதைச் சேர்ப்பதே பிழைப்பாக ஒரு கூட்டம் அலைந்தது. 50-க்கு மேல் ஏறாது என்று வைத்துப் பார்த்தார்கள். பிறகு எண்ணையே மறைத்து, 'நன்று', 'மிக நன்று' என்கிற மாதிரி சொற்களில் மட்டும் காட்டினார்கள். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் ரேங்க் கார்டுக்குப் பதில் கிரேடு வந்தது ஞாபகத்துக்கு வருகிறது. அதை விடுங்கள், அது தனிப் பதிவு.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கிளிஃப் லாம்ப், பால் ரெஸ்னிக் இருவரும் 2004-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மொத்தத்தில் வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக என்பது அவர்கள் கண்டது. தாமதமாக எழுதப்பட்ட நல்ல கருத்து கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. தப்பாகப் போடப்பட்ட புள்ளிகளில் ஏறக்குறையப் பாதியைத்தான் பின்னால் வந்தவர்கள் சரிசெய்கிறார்கள். ஓட்டைக் குறைத்தால் நல்லதைக் கண்டுபிடிக்கும் கண்களும் குறைகின்றன. நியாயமான குறைதான்.

ஹேக்கர் நியூஸ் என்று இன்னொரு தளம், 2007-ல் பால் கிரகாம் ஆரம்பித்தது. மைனஸ் போட அங்கே கர்மா 500-ஐத் தாண்ட வேண்டும். 500 என்பது லேசில் வராது. வருடக்கணக்காகப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கு அது கடைசி வரை கிடைக்காது. மைனஸ் வாங்கிய கருத்தின் எழுத்து சாம்பலாக மங்கிக்கொண்டே போகும், ஆனால் எண் மைனஸ் 4-க்குக் கீழே இறங்காது. மற்றவர் கருத்து வாங்கிய எண்ணிக்கையை 2011-லிருந்து காட்டுவதே இல்லை. முச்னிக் குழுவின் ஆய்வு வருவதற்கு முன்பே, எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஜனம் படிக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு சின்ன விதி உண்டு, எத்தனை பேர் கவனித்தார்களோ: உங்களுக்கு நேரடியாக எழுதப்பட்ட பதிலுக்கு நீங்கள் மைனஸ் போட முடியாது. பொத்தானே வராது. கோபம் உச்சத்தில் இருக்கும் ஒரே இடம் எது என்று பார்த்து அங்கே மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு இத்தனை என்ற ரேஷனை விட இந்தப் பூட்டு எவ்வளவோ மேல்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் அவர்களிடம் சரக்கு இருக்கிறது.

முதல் வாதம், இப்படிப் புள்ளி சேர்த்தவனுக்கே ஓட்டு என்றால் அது பண்ணையார் முறை. முதலில் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் ரசனைக்கு எழுதுகிறவர்களுக்கே புள்ளி. புள்ளி வாங்கியவர்களே அடுத்த நீதிபதிகள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிதாகக் கேள்வி கேட்டு அடிவாங்காதவர்கள் உண்டா? அங்கே கேள்விக்கு மைனஸ் போடுவதற்கு மட்டும் அந்த ஒரு புள்ளி அபராதத்தை 2011-ல் எடுத்துவிட்டார்கள். கேள்வி கேட்பவர் பெரும்பாலும் புது ஆள், பதில் சொல்பவர் பழைய ஆள். யாரை அடிப்பது இலவசம் என்று பாருங்கள். இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியாது. சம்பாதித்தவனுக்கே ஓட்டு என்பதை விட, ஸ்லாஷ்டாட் மாதிரி யாருக்கு எப்போது என்று தெரியாமல் சுற்றி வருவது நியாயம் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது: மைனஸ் ஓட்டு எளியவனின் ஆயுதம். 2017 நவம்பரில் நடந்ததைச் சொல்வார்கள். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 என்ற விளையாட்டு. முழு விலை கொடுத்து வாங்கியும் டார்த் வேடர் பாத்திரம் பூட்டியே இருக்கிறதே என்று ஒருவர் ரெட்டிட்டில் புலம்பினார். விளையாட்டை வெளியிட்ட இஏ நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: பாடுபட்டுத் திறந்தால்தானே சாதித்த பெருமை கிடைக்கும் என்கிற தொனியில். அந்தப் பதிலுக்கு விழுந்த மைனஸ், நிகரக் கணக்கில் ஆறரை லட்சத்துக்கும் மேல். கின்னஸ் புத்தகம் வரை போனது. விளையாட்டு அதிகாரபூர்வமாக வெளியாவதற்கு முன்பே உள்ளே காசு கட்டி வாங்கும் வசதியை நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. ஓட்டுக்குக் கட்டுப்பாடு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறார்கள்.

நடந்திருக்கும். ஆறரை லட்சம் பேர் ஆளுக்கொன்று போட்டார்கள். நாளைக்கு ஐந்து என்று ரேஷன் இருந்தாலும் அந்த ஒன்றைப் போடத் தடையில்லை. ரேஷன் கட்டிப்போடுவது ஒரே ஆளின் ஓயாத கையைத்தான், கூட்டத்தை இல்லை. இதே காரணத்தால் கூட்டத்தின் அநியாயத்தையும் ரேஷன் தடுக்காது. 2020 ஆகஸ்டில் 'சடக் 2' இந்திப் படத்தின் டிரெய்லருக்கு யூடியூபில் ஒரு கோடிக்கு மேல் டிஸ்லைக் விழுந்தது. டிரெய்லர் நன்றாக இல்லை என்றா? சுஷாந்த் சிங் ராஜ்புத் மறைவுக்குப் பிறகு திரைக் குடும்பங்களின் மேல் பொங்கிய கோபம் அது. மூன்று நிமிடப் படத்துண்டு அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி, அவ்வளவுதான்.

யூடியூப் 2021 நவம்பரில் வேறு வழியில் போனது. டிஸ்லைக் பொத்தான் இருக்கும், எண்ணிக்கை மட்டும் வெளியே தெரியாது. குறிவைத்துத் தாக்குவது குறையும் என்றார்கள். யூடியூபை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீமே கண்டித்தார். யூடியூபின் முதல் காணொளி அவர் மிருகக்காட்சி சாலையில் எடுத்தது, அதன் கீழே இருந்த குறிப்பைத் திருத்தித் தன் எதிர்ப்பை எழுதினார். இதில் நான் கரீம் பக்கம். மோட்டார் ஏன் ஓடவில்லை, போன் சார்ஜ் ஏன் ஏறவில்லை என்று தேடும்போது, டிஸ்லைக் குவிந்த காணொளி என்றால் ஐந்து விநாடியில் தப்பித்துவிடுவோம். இப்போது பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அது டுபாக்கூர் என்று தெரிகிறது. கூட்டத்தின் கோபத்துக்குப் பயந்து கூட்டத்தின் அனுபவத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

ரேஷன் நிஜமாகவே உதவியிருக்கக்கூடிய இடம் டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம். அங்கே செய்திகளைப் புதைக்க ஒரு பொத்தான் இருந்தது. யார் புதைத்தார்கள் என்று தெரியாது. ஒரு சிறு கோஷ்டி தங்களுக்குள் சேதி சொல்லிக்கொண்டு, தங்களுக்குப் பிடிக்காத அரசியல் செய்திகளை முகப்புக்கு வரவிடாமல் புதைத்துக்கொண்டிருந்தது 2010-ல் அம்பலமானது. கொஞ்சம் பேர், நிறைய ஓட்டு. அந்த நோய்க்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு நல்ல மருந்து.

மைனஸ் வாங்கியவன் என்ன ஆகிறான் என்பதை எவரும் கேட்பதில்லை. 2014-ல் ஜஸ்டின் செங், கிறிஸ்டியன் டனெஸ்கு நிகுலெஸ்கு-மிசில், யூரே லெஸ்கோவெக் மூவரும் நான்கு பெரிய செய்தித் தளங்களின் வாசகர் கருத்துகளை வைத்து இதைப் பார்த்தார்கள். மைனஸ் வாங்கியவர்கள் திருந்தவில்லை, விலகவுமில்லை. முன்னை விட அதிகமாக எழுதினார்கள், முன்னை விட மோசமாக எழுதினார்கள், மற்றவர்களுக்கு முன்னை விட அதிகமாக மைனஸ் போட்டார்கள். குட்டுப்பட்டவன் அடுத்தவனைக் குட்டப் போகிறான். பிளஸ் வாங்கியவர்கள் அதனால் மெருகேறினார்களா என்றால், அதுவும் இல்லை. காரணம் சொல்லாமல் குட்டினால் எதைத் திருத்துவது?

ஆக, நாளைக்கே என் கையில் ஒரு விவாதத் தளத்தைக் கொடுத்தால் இதைச் செய்வேன். பேசுகிற விவாதத்தில் ஓட்டுக் கிடையாது. தனக்கு வந்த பதிலுக்கு மைனஸ் கிடையாது. மைனஸ் போட்டால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தக் காரணம் எழுதியவருக்குத் தெரிய வேண்டும். முதல் சில மணி நேரம் எண்ணிக்கையை மறைத்து வைப்பேன், பிறகு காட்டுவேன். மேலும் கீழும் ஓர் எல்லை. இவ்வளவும் செய்துவிட்டால் நாளைக்கு இத்தனை என்பதை நான் 30 என்று வைத்தாலும் 300 என்று வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பெரிய நிறுவனங்கள் இதில் எதையும் செய்யாது. ஃபேஸ்புக் 2009-ல் லைக் பொத்தானைக் கொண்டுவந்தது, எது நல்ல எழுத்து என்று கண்டுபிடிக்கவா? ஒவ்வொரு அழுத்தலும் அவர்களுக்கு நம்மைப் பற்றிய ஒரு தகவல். குறைவாகப் போடுங்கள் என்று அவர்கள் எதற்குச் சொல்லப்போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் நண்பர்களோடு எனக்கு இன்னும் வழக்கு தீரவில்லை. மைனஸ் போட்டவரின் பெயரையும் காட்டு, தைரியம் இருக்கிறவன் போடட்டும் என்கிறார்கள். கூடாது என்பது என் கட்சி. பெயர் தெரிந்தால் தைரியசாலி போட மாட்டான், தாக்கத் தயாராக இருக்கிறவன்தான் போடுவான்; மறுநாள் அவன் எழுதிய பழைய பதிவுகளைத் தோண்டியெடுத்து எதிர்க்கோஷ்டி வரிசையாகக் குத்தும். அந்தக் கூத்தெல்லாம் நாம் பார்த்ததுதானே. காரணத்தைக் காட்டலாம், ஆளைக் காட்ட வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஓட்டுப்பட்டை எதுவும் வைக்கவில்லை, தேட வேண்டாம்.